யூதர்களைக் காப்பாற்றிய யூதர்கள்: பெல்ஜியத்தை முன்வைத்து ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றியவர்கள் என்றால் ஷிண்ட்லர், வாலன்பெர்க் என்று யூதரல்லாதவர்களின் பெயர்களே காதில் விழுகின்றன, யூதர்கள் தங்களைக் காத்துக்கொள்ள என்னதான் செய்தார்கள் என்பது ஒன்று. செய்திருந்தால் அது ஏன் நமக்குத் தெரியவில்லை என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு அடியில் நீங்கள் வெளியே சொல்லத் தயங்கிய ஒரு சந்தேகமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. கூப்பிட்டதும் வரிசையில் போய் நின்றுவிட்டார்களோ என்பதுதான் அது. அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். தற்கால ஐரோப்பிய வரலாற்றைக் கல்லூரியில் நீண்ட காலம் பாடம் நடத்தியவன் நான். பிரெஞ்சு ஆவணங்களை நேரடியாகப் படிப்பேன். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷிலும் போலிஷிலும் உள்ளவற்றை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். அதனால் பெல்ஜியத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு இருக்கும் உறுதி, வார்சாவைப் பற்றிப் பேசும்போது அந்த அளவுக்கு இருக்காது.

பெல்ஜியத்தைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. பாதிக்கப்பட்டவர்களே அமைப்பாகக் கூடி, திட்டம் போட்டு, பணம் திரட்டி ஆயிரக்கணக்கானோரை மறைத்து வைத்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அதிகம் இல்லை. 1940 மே மாதம் ஜெர்மனி அந்த நாட்டைப் பிடித்தபோது அங்கே இருந்த யூதர்களில் பத்தில் ஒருவருக்குக்கூடப் பெல்ஜியக் குடியுரிமை கிடையாது. மற்றவர்கள் போலந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து குடியேறியவர்கள்: தையற்காரர்கள், தோல் வேலை செய்பவர்கள், வைரம் பட்டை தீட்டுபவர்கள், சிறு வியாபாரிகள். பிரெஞ்சைக் கொச்சையாகப் பேசுகிறவர்கள். ஊரில் செல்வாக்குள்ள உறவினர் யாரும் இல்லாதவர்கள். முதலில் பதிவேட்டில் பெயர் எழுதச் சொன்னார்கள். 1941-இல் அடையாள அட்டையில் சிவப்பு எழுத்தில் 'யூதர்' என்று முத்திரை குத்தினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் யூதர்கள் அனைவரும் கட்டாயமாகச் சேர வேண்டிய 'பெல்ஜிய யூதர் சங்கம்' ஒன்றை ஜெர்மானியர்களே உருவாக்கினார்கள். 1942 ஜூன் மாதம் மஞ்சள் நட்சத்திரம் வந்தது. அந்தக் கோடையில் 'கிழக்கே வேலைக்கு' வரும்படி அழைப்பாணைகள் புறப்பட்டன. அவற்றை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அந்தச் சங்கமே. ஆகஸ்ட் 4-ஆம் தேதி மெச்செலென் நகரின் டோசின் படைமுகாமிலிருந்து முதல் ரயில், நாஜிகள் பிடித்திருந்த போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கிளம்பியது. அக்டோபர் முடிவதற்குள் பதினேழு ரயில்கள், ஏறத்தாழ 17,000 மனிதர்கள்.

இந்த வேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து நடந்ததன் கனம் புரியும். முதல் எதிர்ப்பு அந்தக் கட்டாயச் சங்கத்தின் மீதே பாய்ந்தது. ஜூலை 25-ஆம் தேதி, முதல் ரயில் கிளம்புவதற்குமுன்பே, யூத இடதுசாரி இளைஞர்கள் பிரஸ்ஸல்ஸில் சங்க அலுவலகத்துக்குள் புகுந்து பெயர் அட்டைகளுக்குத் தீ வைத்தார்கள். வேறிடத்தில் நகல் இருந்ததால் ரயில்கள் நிற்கவில்லை. ஆகஸ்ட் இறுதியில், அழைப்பாணைப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த ஹோல்ட்சிங்கர் என்ற அதிகாரியைத் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். அவரும் யூதர்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு ஒரு புராணக் கதை சொன்னவனாவேன். யூதர்களுக்குள்ளேயே கீழ்ப்படிவோம் என்றவர்களும் கூடாது என்றவர்களும் இருந்தார்கள். அந்தச் சண்டையில் ரத்தம் சிந்தியது.

செப்டம்பரில் யூதர் பாதுகாப்புக் குழு பிறந்தது. முன்கை எடுத்தவர் கெர்ட் ஜோஸ்பா என்ற கம்யூனிஸ்ட், பெஸ்ஸராபியாவிலிருந்து படிக்க வந்து பொறியாளரானவர். அவருடன் ஷெய்ம் பெரெல்மன் இருந்தார். வாதக்கலை பற்றிய நூல்களால் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அதே தத்துவப் பேராசிரியர்தான். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் வேண்டும் என்ற சியோனிஸ்டுகளில் இடதுசாரியான ஆபுஷ் வெர்பர் இருந்தார். எமில் ஹாம்ப்ரெசன் என்ற கத்தோலிக்கப் பத்திரிகையாளரும் இருந்தார். போருக்குமுன் ஒரே மேடையில் ஏற மறுத்திருக்கக்கூடிய ஆட்கள் இவர்கள். இவர்களில் சிலர், பெரெல்மன் உட்பட, அந்தக் கட்டாயச் சங்கத்திலும் பொறுப்பில் இருந்தார்கள். பகலில் சங்க அலுவலகம், இரவில் தலைமறைவு வேலை. குழந்தைகள் பிரிவைத் தொடங்கிய மோரிஸ் ஹைபர் சங்கத்தின் சமூக சேவைப் பொறுப்பாளராகவும் இருந்தவர். எந்தக் குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள், எங்கே இருக்கிறார்கள் என்ற விவரம் எல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால்தான் அவருக்குத் தெரிந்தது. 'சங்கத்தில் இருந்தவர்கள் துரோகிகள், வெளியே இருந்தவர்கள் வீரர்கள்' என்று கோடு கிழிக்க முயலும் ஒவ்வொருவரும் ஹைபரிடம் வந்து தடுக்கி விழுகிறார்கள்.

குழந்தைகள் பிரிவின் வேலையைச் சற்று நெருங்கிப் பாருங்கள், ஏனென்றால் 'மறைத்து வைத்தார்கள்' என்ற ஒற்றைச் சொல் நடந்ததை எல்லாம் விழுங்கிவிடுகிறது. ஜோஸ்பாவின் மனைவி இவோன் ஜோஸ்பாவும், ருமேனியாவில் பிறந்த சமூக சேவகி இடா ஸ்டெர்னோவும் அந்தப் பிரிவின் தூண்கள். அவர்களுடன் வேலை செய்த ஆந்த்ரே கெலென் யூதரல்லாத இருபத்தோரு வயது பள்ளி ஆசிரியை. தன் வகுப்புப் பிள்ளைகள் நட்சத்திரம் தைத்த சட்டையோடு வந்து நின்றதைப் பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். ஒரு குடும்பம் பிள்ளையை ஒப்படைக்கச் சம்மதித்தால், இந்தப் பெண்களில் ஒருத்தி வீட்டுக்குப் போவாள். துணிமணி கட்டியிருக்கும். பிள்ளை எங்கே போகிறது என்று அம்மா கேட்பாள். சொல்லக் கூடாது என்பது விதி. அம்மா பிடிபட்டு அடிபட்டால் அவள் வாயிலிருந்து முகவரி வரக் கூடாது. பிள்ளை ஏக்கம் தாங்காமல் அவளே தேடிப் போய்ப் பின்னால் ஆள்காட்டிகளை இழுத்துவந்துவிடவும் கூடாது. வழிநெடுகப் பிள்ளைக்குப் புதுப் பெயரைச் சொல்லிக் கொடுப்பார்கள். உன் பெயர் என்ன, எந்த ஊர், அப்பா என்ன வேலை என்று திரும்பத் திரும்பக் கேட்டு, பழைய பெயர் வாயில் வருவது நிற்கும்வரை விடமாட்டார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைப் பழக்குவது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெயர் மாற்றியாயிற்று. போர் முடிந்ததும் யார் யாருடைய பிள்ளை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காகவே சங்கேதக் குறிப்பேடுகள் எழுதினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். ஓர் ஏட்டில் எண்ணும் உண்மைப் பெயரும், இன்னொன்றில் எண்ணும் பொய்ப் பெயரும், வேறொன்றில் ஒளித்துவைத்த இடம். ஏடுகளைத் தனித்தனி இடங்களில் வைத்தார்கள். ஒன்று நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாபோ கையில் சிக்கினாலும் அதை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையையும் பிடிக்க முடியாது. ஜெர்மானியர்கள் யூதர்களைப் பிடிக்கப் பதிவேடு போட்டார்கள். இவர்கள் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் திருப்பிக் கொடுக்கப் பதிவேடு போட்டார்கள். அந்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன. பல்லாயிரம் பக்க ஆவணங்களுக்கு நடுவே என்னை மிகவும் அசைத்தவை இவைதான். தோற்றுக்கொண்டிருந்த காலத்தில், தாய் தந்தையர் திரும்பி வருவார்கள் என்று நம்பி உட்கார்ந்து எழுதிய கணக்கு அது.

ஒளித்துவைத்ததோடு வேலை முடிவதில்லை. ரேஷன் இல்லாமல் எந்தக் குடும்பமும் இன்னொரு வாய்க்குச் சோறு போட முடியாது. பொய்ப் பெயருக்கு ரேஷன் அட்டை வேண்டும், முத்திரை இல்லாத அடையாள அட்டை வேண்டும். நகராட்சி ஊழியர்கள் சிலர் மறைவாகக் கொடுத்தார்கள். பராமரிப்புச் செலவுக்கு வசதியில்லாத வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் போக வேண்டும். யாராவது நேரில் போய்ப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்த்து வர வேண்டும். பணம் பல வழிகளில் வந்தது. யூதர்களிடமே திரட்டினார்கள். ஜாயின்ட் என்ற அமெரிக்க யூத நிவாரண அமைப்பின் பணம் சுவிட்சர்லாந்து வழியாக வந்தது. பெல்ஜியத்தின் தேசிய குழந்தைகள் நல நிறுவனத்தை நடத்திய இவோன் நெவெஜான் தம் நிறுவனத்தின் கதவுகளையே திறந்துவிட்டார். இடம் கொடுத்தவர்களில் கன்னியர் மடங்களும் விடுதிகளும் கிராமத்துக் குடும்பங்களும் உண்டு. பாதிரியார் புரூனோ என்று அழைக்கப்பட்ட ஆன்றி ரெய்ண்டர்ஸ் என்ற துறவி மட்டும் நூற்றுக்கணக்கானோருக்கு இடம் தேடிக் கொடுத்தார். இந்தக் கதவுகள் திறக்காவிட்டால் குழுவால் எதுவும் செய்திருக்க முடியாது. குழு இல்லாவிட்டால் எந்தக் கதவை எப்போது தட்டுவது என்று அந்தத் தையற்காரக் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்காது. இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது சரியல்ல.

ஆந்தர்லெஹ்ட் பகுதியில் ஒரு கன்னியர் மடத்தில் பதினைந்து யூதச் சிறுமிகள் இருந்தார்கள். 1943 மே மாதம் கெஸ்டாபோ வந்து, நாளைக் காலை வண்டியோடு வருகிறோம், பெட்டி கட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. அன்றிரவே யூத இளைஞர்கள் சிலர் துப்பாக்கியோடு மடத்துக்குள் நுழைந்து, கன்னியாஸ்திரிகள் மேல் பழி விழாதபடி அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டு, சிறுமிகளை அழைத்துச் சென்றார்கள். இதே நகரத் தெருக்களில்தான் 'பருத்த ஜாக்' என்று பேர்பெற்ற யூத ஆள்காட்டி ஒருவன் கெஸ்டாபோ காரில் சுற்றி, முகம் பார்த்து ஆட்களைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். இரண்டும் ஒரே ஊர், ஒரே ஆண்டு.

குழு செய்த இன்னொரு காரியம் செய்தி சேகரித்தது. 'கிழக்கே வேலை' என்றால் என்ன, போனவர்களிடமிருந்து ஏன் கடிதம் இல்லை என்று நேரில் அறிய, விக்டோர் மார்தேன் என்ற கத்தோலிக்கச் சமூகவியலாளரை அனுப்பினார்கள். ஜெர்மன் பேராசிரியர்களைச் சந்திக்கப் போவதாகக் காரணம் காட்டி அவர் 1943-இன் தொடக்கத்தில் ஆஷ்விட்சை அடுத்த கட்டோவிட்ஸ் வரை சென்றார். அங்கே வேலை பார்த்த பிரெஞ்சுத் தொழிலாளர்களிடம் பேசி, ஆட்கள் கொல்லப்பட்டு எரிக்கப்படுவதைத் தெரிந்துகொண்டார். திரும்பும் வழியில் பிரெஸ்லாவில் கைதாகி, தப்பித்து, மே மாதம் பிரஸ்ஸல்ஸ் வந்து அறிக்கை கொடுத்தார். அதன்பின் பிள்ளையைப் பிரிய மனமில்லாத பெற்றோரிடம் பேசுவதற்குக் குழுவின் கையில் வதந்திக்குப் பதிலாக ஒரு சாட்சியம் இருந்தது.

அவர் திரும்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், ஏப்ரல் 19 இரவு, மெச்செலெனிலிருந்து புறப்பட்ட இருபதாவது ரயிலை மூன்று இளைஞர்கள் நிறுத்தினார்கள். யூரா லிவ்ஷிட்ஸ் என்ற யூத மருத்துவர், யூதரல்லாத அவருடைய பள்ளித் தோழர்கள் ரொபேர் மேஸ்த்ரியோ, ழான் பிராங்கிள்மோன். கையில் இருந்தவை ஒரு கைத்துப்பாக்கி, கம்பி வெட்டும் குறடுகள், சிவப்புத் தாள் சுற்றிய ஓர் அரிக்கேன் விளக்கு. ஆயுதம் தாங்கிய குழுக்கள் ஆபத்து அதிகம் என்று ஒதுக்கிய திட்டம் இது. முதலில் முன்வைத்தவர் ஜோஸ்பா. மேஸ்த்ரியோ ஒரு பெட்டியைத் திறந்து பதினேழு பேரை இறக்கினார். கைச்செலவுக்கு ஆளுக்கு ஐம்பது பிராங்க் கொடுத்தார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அந்த ரயிலில் இருந்தவர்கள் 1,631 பேர். எல்லைக்கு முன்பாக 200-க்கும் மேற்பட்டோர் குதித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரயில் மறுபடி கிளம்பிய பிறகு, முகாமில் வேலை பார்த்த கைதிகள் பெட்டிகளுக்குள் ஒளித்துக் கொடுத்திருந்த கருவிகளால் தாங்களே வழி செய்துகொண்டு குதித்தவர்கள். செவிலி ரெஜின் குரோஷ்மால் ரொட்டி வெட்டும் கத்தியால் மரச் சட்டத்தை அறுத்தார். பதினொரு வயது சிமோன் குரோனோவ்ஸ்கியை அவன் தாய் படியில் இறக்கிவிட்டாள். ரயில் வேகம் பிடித்ததால் அவளால் பின்தொடர முடியவில்லை. ஆஷ்விட்சிலிருந்து அவள் திரும்பவில்லை. குதித்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தப்பினார்கள். மற்றவர்கள் சுடப்பட்டார்கள் அல்லது பிடிபட்டு அடுத்த ரயில்களில் ஏற்றப்பட்டார்கள். லிவ்ஷிட்ஸை 1944 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள்.

இனி எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். மெச்செலெனிலிருந்து நாடு கடத்தப்பட்ட யூதர்கள் 25,000-க்கு மேல், திரும்பியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. இது பெயர்ப் பட்டியல்களோடு நிறுவப்பட்ட எண். குழு மறைத்த குழந்தைகளை 2,400 என்றும் 3,000 வரை என்றும் சொல்வார்கள். வேறுபாட்டுக்குக் காரணம், தாமாகவே ஒளிந்த, பாதிரியார்கள் மட்டும் ஒளித்த பிள்ளைகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான். இரண்டாயிரத்துக்கு மேல் என்பதை யாரும் மறுப்பதில்லை. பெரியவர்களின் எண்ணிக்கை ஊகத்துக்கு அருகிலானது. உதவி பெற்றவர் எல்லோரும் ஏட்டில் ஏறவில்லை. இன்னொன்று: ஆன்ட்வெர்ப் நகர யூதர்களில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள், பிரஸ்ஸல்ஸில் 37 சதவீதம். ஆன்ட்வெர்ப்பில் உள்ளூர்ப் போலீஸ் சுற்றிவளைப்பில் பங்கெடுத்தது. பிரஸ்ஸல்ஸ் நகர நிர்வாகமோ மஞ்சள் நட்சத்திரத்தை விநியோகிக்கக்கூட மறுத்தது. குழு வேரூன்றியதும் பிரஸ்ஸல்ஸில்தான். இந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு குழுவினுடையது, எவ்வளவு நகர நிர்வாகத்தினுடையது என்று பிரித்து அளக்க முடியாது. அளந்துவிட்டதாகச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

பெல்ஜியத்தை வைத்து ஐரோப்பா முழுவதையும் எடைபோடக் கூடாது. வார்சாவில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை 1940 நவம்பரில் சுவருக்குள் அடைத்தார்கள். அங்கே குழந்தையை எந்த மடத்துக்கு அனுப்புவது? வெளியே போனால் மரண தண்டனை, வெளியே இடம் கொடுத்தவருக்கும் மரண தண்டனை. ஆகவே அங்கே சுய உதவி என்பது பெரும்பாலும் நாளைத் தள்ளுவதாக இருந்தது. ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடத்திலும் குடியிருப்போர் குழு அமைத்துக்கொண்டு, இருப்பவரிடம் வாங்கி இல்லாதவருக்குக் கொடுத்தார்கள். கஞ்சித்தொட்டிகள் திறந்தார்கள். லெஷ்னோ தெரு 40-இல் ஒன்றை நடத்திய ராஹெல் அவெர்பாக், கஞ்சி யாரையும் காப்பாற்றவில்லை, சாவைத் தள்ளிப்போட்டது என்று கசப்போடு எழுதினார். இந்த உதவி அமைப்பின் தூணாக இருந்த வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்புளும், எல்லோருக்கும் ஒரு கரண்டி ஊற்றி எல்லோரையும் சாகவிடுவதா, சிலருக்கு வயிறு நிறையக் கொடுத்து அவர்களையாவது பிழைக்க வைப்பதா என்று நாட்குறிப்பில் தவித்திருக்கிறார். அவர் திரட்டிய ரகசிய ஆவணங்கள் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் புதைக்கப்பட்டு, போருக்குப் பின் 1946-இலும் 1950-இலும் தோண்டியெடுக்கப்பட்டன. கெட்டோ எனப்பட்ட அந்தச் சுவருக்குள் இருந்த மருத்துவர்கள் தாங்களே பட்டினி கிடந்தபடி பட்டினி நோயை ஆராய்ந்து எழுதினார்கள். கையெழுத்துப் பிரதி வெளியே கடத்தப்பட்டு 1946-இல் அச்சாயிற்று. 1942 ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையே அந்த மக்களில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் டிரெப்ளிங்கா கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். முயற்சி குறைந்ததால் வந்த வேறுபாடு அல்ல இது.

சுலோவாக்கியாவில் கீஸி ஃபிளெய்ஷ்மன் என்ற பெண்மணியும் ரப்பி வைஸ்மாண்டலும் நடத்திய குழு ஜெர்மன் அதிகாரி விஸ்லிட்செனிக்கு லஞ்சம் கொடுத்தது. 1942 அக்டோபரில் ரயில்கள் நின்றன. தங்கள் பணத்தால்தான் நின்றது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை. நாடு கடத்தலிலிருந்து விலக்கு அளிக்கும் சீட்டு வைத்திருந்தவர்களே மிஞ்சியிருந்ததும், திருச்சபையின் எதிர்ப்பும், சுலோவாக்கிய அரசின் தயக்கமும் காரணம் என்கிறார்கள். என் சாய்வும் அந்தப் பக்கமே. ஆனாலும் ஃபிளெய்ஷ்மன், வெளியேற வாய்ப்பு இருந்தும் தங்கி, 1944-இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

இரண்டாவது கேள்வி, ஏன் தெரியவில்லை என்பது. ஒரு காரணம் நிர்வாக விதி. காப்பாற்றியவர்களை உலகறியச் செய்தது ஜெருசலேமில் உள்ள யாத் வாஷெம் நிறுவனம் 1963 முதல் வழங்கிவரும் 'நாடுகளுள் நேர்மையாளர்' என்ற பட்டம். அது யூதரல்லாதவர்களுக்கு மட்டும் உரியது. அதில் தவறில்லை, கடமை இல்லாதவர் உயிரைப் பணயம் வைத்ததற்கான நன்றி அது. ஆனால் பட்டம் என்றால் விசாரணை, சாட்சியம், கோப்பு, விழா, பத்திரிகைச் செய்தி. யூதர்கள் செய்ததற்கு அப்படிக் கோப்பு திறக்கப்படவில்லை. ஆந்த்ரே கெலெனும் இடா ஸ்டெர்னோவும் ஒரே வேலையைச் செய்தார்கள். கெலெனுக்கு 1989-இல் அந்தப் பட்டம் கிடைத்தது. 2022-இல் நூறு வயதில் அவர் மறைந்தபோது உலகப் பத்திரிகைகள் எழுதின. ஸ்டெர்னோ 1944 மே மாதம் கைதாகி, விடுதலை வரும்வரை மெச்செலெனில் அடைபட்டிருந்தவர். பிடிபட்டால் கெலெனைவிட அவருக்கு ஆபத்து அதிகம், ஏனென்றால் அவரே தேடப்படும் இனத்தவர். அவர் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

மற்றொரு காரணம், உயிர் பிழைத்த பிள்ளைகள் நெடுங்காலம் பேசவில்லை. முகாமிலிருந்து மீண்டவர்கள் பக்கத்தில் இருக்கும்போது, கிராமத்து வீட்டில் ஒளிந்திருந்த நமக்கு என்ன கதை இருக்கிறது என்று வாயடைத்துப் போனார்கள். 1991-இல் நியூயார்க்கில் அவர்கள் முதன்முறையாகப் பெரிய அளவில் கூடிய பிறகுதான் சாட்சியங்கள் பெருகின. பினை பிரித் என்ற யூத அமைப்பு, காப்பாற்றிய யூதர்களுக்கென்றே ஒரு கௌரவத்தை 2011 முதல் வழங்கிவருகிறது. மேலும் படிக்க விரும்பினால், பிரான்சிலிருந்து மரியான் கோன் என்ற பெயரில் தொடங்குங்கள். இருபத்தெட்டுப் பிள்ளைகளை சுவிஸ் எல்லை கடத்தப் போய்ப் பிடிபட்டவர். தப்ப வழி கிடைத்தும், தான் போனால் பிள்ளைகளுக்குத் தீங்கு வரும் என்று மறுத்து, 1944 ஜூலையில் கொல்லப்பட்டார். அந்தப் பிள்ளைகள் பிழைத்தார்கள்.